முக்கூடலுக்கு எந்தப் பெட்டி?

கேம் கன்சோல் வாங்கப் போறேன்னு யார்கிட்ட கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "உனக்கு எந்த கேம் பிடிக்கும்? அது எந்தப் பெட்டியில மட்டும் ஓடுதோ அதை வாங்கு." மரியோ வேணுமா, நிண்டெண்டோ. காட் ஆஃப் வார் வேணுமா, பிளேஸ்டேஷன். ஹேலோ வேணுமா, எக்ஸ்பாக்ஸ். முடிஞ்சு போச்சு. கேக்குறதுக்கு ரொம்ப நியாயமாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கணக்கு எங்க ஊருக்குச் சரியா வருமான்னு நாலு மாசமா நானும் தம்பியும் மண்டையைப் பிச்சுக்கிட்டிருந்தோம். அந்தக் கதைதான் இது.

எங்க ஊர் முக்கூடல். பள்ளு இலக்கியத்துல வர்ற முக்கூடல் சீவலப்பேரிப் பக்கம்னு தமிழ் வாத்தியார்கள் சொல்வாங்க. நான் சொல்றது பாப்பாக்குடிக்குப் பக்கத்துல, பீடிக்குப் பேர் போன முக்கூடல். பேருல மட்டும் மூணு ஆறு கூடுது. சோனி, மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோன்னு மூணு ஆறு ஓடினாலும் எங்க வீட்டு வாய்க்காலுக்கு ஒண்ணுதான் வந்து சேர முடியும். ஏன்னா கையில இருந்தது 55,000 ரூபாய். நான் லீவுல கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணிச் சேர்த்தது பாதி. சித்தி மகன் (அவனைத்தான் தம்பின்னு சொல்லிட்டு இருக்கேன்) திருவிழாக்களுக்கு சீரியல் செட் கட்டப் போய்ச் சேர்த்தது மீதி. அதுல மூவாயிரம் ஆச்சி கொடுத்தது. ஆச்சி பீடி சுத்துறவ. காலையில இருந்து தட்டை மடியில வச்சு உட்கார்ந்தா ஆயிரம் பீடி. அந்தக் காசும் உள்ள கிடக்குறதால, வாங்கிட்டு அப்புறம் "சே, அதை வாங்கியிருக்கலாமே"ன்னு சொல்ற வசதி எங்களுக்கு இல்லை.

முதல்ல இந்த எக்ஸ்க்ளூசிவ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு. இருட்டுக்கடை அல்வா இருக்குல்ல? அது வேணும்னா நெல்லையப்பர் கோயிலுக்கு எதுக்க சாயங்காலம் போய் நின்னாத்தான் கிடைக்கும். அது மாதிரி ஒரு குறிப்பிட்ட கேம் ஒரு குறிப்பிட்ட பெட்டியில மட்டும்தான் ஓடும். ஒரே வித்தியாசம், அல்வா திங்க யாரும் கடையை விலைக்கு வாங்கச் சொல்றதில்லை. கம்பெனிக்காரன் இதை ஏன் செய்றான்னா, அவனுக்குப் பெட்டியில பெருசா லாபம் கிடையாது. 2006ல பிளேஸ்டேஷன் 3 வந்தப்ப சோனி ஒவ்வொரு பெட்டிக்கும் கைக்காசு போட்டுத்தான் வித்தது. லாபமெல்லாம் பின்னால. அவன் ஆன்லைன் கடையில விக்கிற ஒவ்வொரு கேம்லயும் சுமார் 30 சதவீதம் அவனுக்கு. அதனால நம்மளை எப்படியாவது உள்ள இழுத்து உட்கார வைக்கணும். அதுக்கான தூண்டில் புழுதான் எக்ஸ்க்ளூசிவ். புழு ருசியா இருக்கும், அதை மறுக்கவே மாட்டேன்.

எங்க மாமா காலத்துல இந்தப் பிரச்சினையே இல்லை. டிவியில சொருகுற வீடியோ கேம், மஞ்ச கலர் கேசட், மரியோ, கான்ட்ரா. அது 1983ல ஜப்பான்ல நிண்டெண்டோ விட்ட ஃபேமிகாமோட நகல்னு எவனுக்கும் தெரியாது. பெட்டி மேல என்ன பேர் போட்டிருந்தாலும் உள்ள ஒரே சரக்கு. அதனால மேலத்தெருக்காரன் கேசட் கீழத்தெருக்காரன் பெட்டியில ஓடும். ஊதிட்டு சொருகினாப் போதும். மாமா சொல்வாரு, அவர்கிட்ட சொந்தமா இருந்தது ரெண்டே கேசட், ஆனா விளையாடினது நாப்பது அம்பது கேம். தெரு பூரா ஒரே பிளாட்ஃபார்ம்னா எல்லாமே எல்லாருக்கும். (நகல் எடுக்குறது நியாயமான்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. நடந்ததைச் சொல்றேன்.)

அடுத்து எங்க காலம். 2011ல தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பிச்சதே, அதுல அக்காவுக்கு ஒண்ணு கிடைச்சது. எங்க வீட்டுல முதல் கேம் மெஷின் அதுதான். பாடம் படிக்கத்தான் கொடுத்தாங்க, படிக்கவும் செஞ்சோம். மத்த நேரம் வைஸ் சிட்டி. அந்த மடிக்கணினி எத்தனை வீட்டுல வைஸ் சிட்டி ஓட்டிச்சுன்னு கணக்கெடுத்தா அரசாங்கமே ஆடிப் போயிரும். பின்னாடிதான் தெரிஞ்சுக்கிட்டேன், வைஸ் சிட்டி 2002 அக்டோபர்ல முதல்ல பிளேஸ்டேஷன் 2க்கு மட்டும்தான் வந்துச்சாம். கம்ப்யூட்டருக்கு 2003 மே மாசம். சான் ஆன்ட்ரியாஸும் அப்படியே, 2004 அக்டோபர்ல அங்க, 2005 ஜூன்ல இங்க. அந்த ஏழெட்டு மாசத்துக்காக அமெரிக்காவுல எத்தனை பேர் பெட்டி வாங்கினானோ. நாங்க பத்து வருஷம் கழிச்சு விளையாடினோம். எங்க ஊருக்கு வந்து சேர்றதுக்குள்ள எந்த எக்ஸ்க்ளூசிவும் எக்ஸ்க்ளூசிவா இருந்ததில்லை.

இது எங்க ஊருக்கு மட்டும் இல்லை. மொத்த இந்தியாவுமே இதுல விசித்திரமான கதைதான். பிளேஸ்டேஷன் 2 வெளிநாட்டுல கிழவனான பிறகுதான் இங்க விலை இறங்கி வீட்டுக்கு வந்துச்சு. அதனால நம்மளுக்குன்னே பிளேஸ்டேஷன் 2ல கேம் போட்டாங்க. 2009ல ஹைதராபாத் கம்பெனி செஞ்ச ஹனுமான் பாய் வாரியர், அதே வருஷம் கிட்டிப்புள், கபடி, காத்தாடி எல்லாம் வச்சு தேசி அட்டா, அடுத்து ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ். 2013ல கூட ஷாருக்கானோட டான் 2 கேம் பிளேஸ்டேஷன் 2ல வந்துச்சு! அப்ப வெளிநாட்டுக்காரன் பிளேஸ்டேஷன் 4க்கு வரிசையில நின்னுட்டிருந்தான். இந்த கேமெல்லாம் உலகத் தரம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கிட்டிப்புள்ளை டிவியில ஆடலாம்னு நினைச்ச ஒருத்தன் இருந்தானேன்னு ஒரு சந்தோஷம். அது அந்தப் பெட்டியோடயே போச்சு. இன்னைக்கு விளையாடணும்னா பழைய பெட்டியும் கீறல் விழாத டிஸ்க்கும் தேடி அலையணும். எக்ஸ்க்ளூசிவ்ல யாரும் பேசாத பக்கம் இதுதான். பெட்டி செத்தா ஆட்டமும் கூடவே உடன்கட்டை ஏறிரும்.

இதைவிடக் கொடுமை ராஜி. புனேயில இருக்கிற நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்ங்கிற சின்ன கம்பெனி செஞ்ச கேம். துர்க்கை, விஷ்ணு, ராஜஸ்தான் கோட்டை, தம்பியைத் தேடிப் போற ஒரு அக்கா. 2017ல பொதுமக்கள்கிட்ட நிதி திரட்டிப் பார்த்தாங்க, கேட்ட தொகை சேரலை. அப்புறமும் விடாம முடிச்சு 2020 ஆகஸ்ட்ல வெளியிட்டாங்க. எதுல? நிண்டெண்டோ ஸ்விட்ச்ல மட்டும்! மத்த பெட்டிகளுக்கும் கம்ப்யூட்டருக்கும் அக்டோபர்லதான். ஸ்விட்ச் உலகம் பூரா 15 கோடிக்கு மேல வித்த பெட்டி. ஆனா இந்தியாவுல அதை நிண்டெண்டோ முறையா வித்ததே இல்லை. துபாய்ல இருந்து யாராவது கொண்டு வரணும், இல்லை கடையில வாரண்டி இல்லாம வாங்கணும். ஆக இந்தியாக்காரன் செஞ்ச, இந்தியக் கதை சொல்ற கேம், இந்தியாவுல விக்காத பெட்டியில ரெண்டு மாசம் எக்ஸ்க்ளூசிவ். புனேக்காரங்களைக் குறை சொல்லவே இல்லை. சின்ன கம்பெனிக்கு அந்த மேடை கிடைச்சதே பெருசு. அந்த வருஷம் தி கேம் அவார்ட்ஸ்ல சிறந்த அறிமுக கேம் பட்டியல்லயும் ராஜி இருந்துச்சு. ஆனாலும் நம்ம வீட்டுக் கல்யாணத்தை நம்மளே காம்பவுண்டு சுவர் மேல ஏறி நின்னு பார்த்த மாதிரி ஒரு இது.

இதுக்கு நேர் எதிர் வெண்பா. 2023 ஜூலை 31. டொராண்டோவுல விசை கேம்ஸ்னு தமிழ்ப் பேர் வச்ச ஒரு கம்பெனி. 1980கள்ல கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம், அம்மா பேரு வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். கிழிஞ்சு அழிஞ்சு போன சமையல் நோட்டை வச்சு இட்லி, புட்டு, பிரியாணி எல்லாம் செய்யணும். மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான். என் ஹாஸ்டல் பிரெண்டு கம்ப்யூட்டர்ல முதல்ல பார்த்தேன், அப்புறம் ஒரு லீவுக்கு அவன் லேப்டாப்பை இரவல் வாங்கிட்டு வந்து வீட்டுல போட்டேன். இட்லித் தட்டை எப்படி அடுக்கினா ஆவி மேல ஏறும்னு நான் முழிச்சிட்டு இருக்கும்போது ஆச்சி பீடித் தட்டை கீழ வச்சிட்டு எட்டிப் பார்த்தா. "எய்யா, ஓட்டைக்கு மேல குழி வந்தா எப்படி வேகும்? திருப்பி வையி." அவ சொன்னதுதான் சரி. பெட்டிகளைப் பத்தி எனக்கிருந்த மரியாதை அன்னைக்குக் கொஞ்சம் குறைஞ்சுது. எனக்காகவே ஒரு கேம் வந்து, அதுக்காக என்ன பெட்டி வேணும்னாலும் வாங்கியிருப்பேன்னா அது வெண்பாதான். ஆனா அது ஸ்விட்ச், பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டர்னு ஒரே நாள்ல எல்லாத்துலயும் வந்துச்சு. அடுத்த வருஷம் பாஃப்டாவுல அறிமுக கேம் விருதும் வாங்குச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம். 55,000 ரூபாய்.

எக்ஸ்பாக்ஸை நாங்க முதல் நாளே அடிச்சிட்டோம். ஃபோர்சா ஹொரைசன் 5 2025 ஏப்ரல்ல பிளேஸ்டேஷனுக்கே வந்துருச்சு. அக்டோபர்ல ஹேலோவையும் கொண்டு வர்றோம்னு அறிவிச்சாங்க. ஹேலோவே அங்க போன பிறகு இங்க என்ன இருக்கு? மாசச் சந்தாவுல நூத்துக்கணக்குல கேம் கிடைக்கும்னு இருந்த அந்தக் கவர்ச்சியும், 829 ரூபாய் அல்டிமேட் சந்தா அதே அக்டோபர்ல 1,389 ஆனதும் காலி. ஸ்விட்ச் கதை மேலயே சொல்லிட்டேன். செல்டா மேல எனக்கு ஆசை உண்டு, ரொம்பவே உண்டு. ஆனா ரிப்பேர் ஆனா யார்கிட்ட போய் நிக்கிறது? நிண்டெண்டோ கேம் விலையும் லேசுல இறங்காது.

மிச்சம் பிளேஸ்டேஷன் 5 இல்லைன்னா கம்ப்யூட்டர். தம்பி அந்தக் கட்சி, நான் இந்தக் கட்சி.

என் வாதம் ஒரு நோட்டுல எழுதின தேதிகள்தான். கோஸ்ட் ஆஃப் சுஷிமா பிளேஸ்டேஷன்ல 2020 ஜூலை, கம்ப்யூட்டர்ல 2024 மே. 46 மாசம். காட் ஆஃப் வார் ரக்னராக் 2022 நவம்பர்ல இருந்து 2024 செப்டம்பர். 22 மாசம். ஸ்பைடர்மேன் 2 2023 அக்டோபர்ல இருந்து 2025 ஜனவரி. 15 மாசம். ஹெல்டைவர்ஸ் 2 ரெண்டுலயும் ஒரே நாள். பார்த்தா இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வருது. அப்ப பிளேஸ்டேஷன்காரன் 55,000 கொடுத்து வாங்குறது கேமை இல்லை, அந்தப் பதினஞ்சு மாசத்தை. எனக்கு அந்த மாசம் தேவையில்லை. பத்து வருஷம் கழிச்சு வைஸ் சிட்டி ஆடின பரம்பரை நாங்க.

தம்பி லேசுப்பட்டவன் இல்லை. "எண்ணே, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் முதல் பாகத்துக்கு எவ்வளவுன்னு நோட்டுல எழுதுனியா?"ன்னான். 2010 மே மாசம் கன்சோல்ல வந்தது, கம்ப்யூட்டருக்கு 2024 அக்டோபர். பதினாலு வருஷம். பிளட்போர்ன்? 2015ல பிளேஸ்டேஷன் 4ல வந்துச்சு, கம்ப்யூட்டர் பக்கம் தலைகாட்டவே இல்லை. தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் 2023 மார்ச்ல கம்ப்யூட்டருக்கு வந்தப்ப எப்படித் திக்கித் திணறி ஓடுச்சுன்னு படிச்சுக் காட்டினான். இனி வர்றதும் பதினஞ்சு மாசத்துல வந்துரும்னு எவன் எழுதிக் கொடுத்தான்னு கேட்டான். எவனும் கொடுக்கலைதான்.

அவன் சொன்னதுலயே என்னை அசைச்சது டிஸ்க் கணக்கு. பிளேஸ்டேஷன் 5 கேம் புதுசா 4,999 ரூபாய். ஆனா முடிச்சதும் விக்கலாம். நாலு பேர் சேர்ந்து வாங்கி மாத்தி மாத்தி ஆடலாம், மாமா கேசட் மாத்தின மாதிரியே. கம்ப்யூட்டர்ல வாங்கின கேம் நம்ம அக்கவுண்டுல ஒட்டின பசை. விக்கவும் முடியாது, டிஸ்க்கைக் கைமாத்துற மாதிரி கொடுத்து விடவும் முடியாது. இதனாலதான் 2024 ஏப்ரல்ல இங்க வந்த பிளேஸ்டேஷன் 5 ஸ்லிம்ல 44,990க்கு டிஸ்க் போடாத மாடல் இருந்தும், 54,990க்கு டிஸ்க் போடுற மாடலைத்தான் தம்பி குறி வச்சிருந்தான். பத்தாயிரம் கூடக் கொடுத்து இரவல் கொடுக்குற உரிமையை வாங்குறான். அது முட்டாள்தனம் இல்லை. என் பக்கத்துல ஓட்டை வேற. 2025 கடைசியில ராம் விலை கன்னாபின்னான்னு ஏறிருச்சு. ஏஐ கம்பெனிகளுக்கே எல்லா மெமரியும் போகுதாம். நான் போட்டு வச்சிருந்த கம்ப்யூட்டர் கொட்டேஷன் ஒரே மாசத்துல கிழிஞ்சது.

அப்புறம் அவனோட உயிர்: ஜிடிஏ 6. இங்கதான் எனக்கு ஒரு பிடி கிடைச்சது. 2023 டிசம்பர்ல முதல் டிரெய்லர் விட்டப்ப 2025ல வரும்னாங்க. 2025 மே மாசம், 2026 மே 26னு மாத்தினாங்க. 2025 நவம்பர்ல திரும்பவும் மாத்தி 2026 நவம்பர் 19னாங்க. 2025ல பெட்டி வாங்கினவன் எத்தனை பேர் அந்த கேமை நினைச்சு வாங்கியிருப்பான்? அந்தப் பெட்டி ஒரு வருஷமா ஃபிஃபா ஓட்டிட்டு இருக்கும். இன்னொண்ணு, அந்த கேம் எக்ஸ்பாக்ஸுக்கும்தான் அறிவிச்சாங்க. தம்பி உயிரை விடுற ஆட்டமே எக்ஸ்க்ளூசிவ் கிடையாது.

அப்பதான் ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல உறைச்சது. "எக்ஸ்க்ளூசிவைப் பார்த்துப் பெட்டியை வாங்கு"ங்கிற விதி தப்பு இல்லை. ஆனா புதுப் பெட்டிக்கு அதைப் போட்டுப் பார்க்க முடியாது. புதுப் பெட்டியோட பட்டியல்ல பாதி வாக்குறுதி. எது தள்ளிப் போகும், எது வேற பெட்டிக்கு ஓடும்னு யாருக்கும் தெரியாது. ஆயுசு முடிஞ்ச பெட்டிக்குத்தான் இந்தக் கணக்கு சரியா வரும். அதோட பட்டியல் முடிஞ்ச பட்டியல். எது வந்துச்சு, எது நல்லாருக்கு, எது இன்னும் வேற எங்கயும் போகலைன்னு விரல் விட்டு எண்ணிரலாம்.

போன்லயும் இதேதான்னு வைங்க. பிஜிஎம்ஐ இந்தியாவுக்குன்னே போட்ட கேம், ஒரு வகையில நமக்கான எக்ஸ்க்ளூசிவ். 2021 ஜூலையில வந்துச்சு, 2022 ஜூலையில கடையில இருந்து தூக்கினாங்க, 2023 மே மாசம் திரும்ப வந்துச்சு. நடுவுல பத்து மாசம் அதுக்காகவே நல்ல போன் வாங்கினவன் போனைத் தடவிட்டு இருந்தான்.

ஆக வாங்கினது பழைய பிளேஸ்டேஷன் 4. திருநெல்வேலியில ஒரு அண்ணாச்சி வீட்டுல, ரெண்டு கன்ட்ரோலரோட 14,000 ரூபாய். இது 2014 ஜனவரியில இந்தியாவுக்கு வந்தப்ப 39,990. கொடுக்கும்போது சத்தம் வருதா, டிஸ்க் இழுக்குதா, கன்ட்ரோலர் குச்சி தானா நகருதான்னு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துட்டுத்தான் காசை எண்ணினோம். நீங்களும் வாங்கினா இந்த மூணையும் பாருங்க. பிளட்போர்ன் டிஸ்க் பழசு 700 ரூபாய், காட் ஆஃப் வார் 500. சுஷிமா, ஹொரைசன், அன்சார்ட்டட் எல்லாம் கிடைக்குது. ரக்னராக் கூட இதுல ஓடும். புதுசா ஒரே ஒரு பிளேஸ்டேஷன் 5 கேம் வாங்குற காசுக்கு இங்க ஏழு எட்டு டிஸ்க். இதுல இன்னொரு வசதி, பிளேஸ்டேஷன் 4 டிஸ்க் பிளேஸ்டேஷன் 5லயும் ஓடும். பிளேஸ்டேஷன் 3ல இருந்து 4க்கு மாறினவங்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை, டிஸ்க்கெல்லாம் பரண்ல ஏறுச்சு.

மிச்சக் காசு சித்தி பேர்ல போஸ்ட் ஆபீஸ்ல கிடக்கு. தம்பி ஒத்துக்கிட்டது ஒரு கண்டிஷனோட. ஜிடிஏ 6 நிஜமாவே கடைக்கு வந்து, வாங்கின எவனாவது ஒருத்தன் வீட்டுல அது ஓடுறதை அவன் கண்ணால பார்த்துட்டா, நோட்டை எடுத்துக்கிட்டு மாசம் எண்ணப் போகக் கூடாது, பேசாம கையெழுத்துப் போடணும். சரின்னுட்டேன். ஆச்சியோட மூவாயிரத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனோம், வாங்கலை. பிளட்போர்ன்ல முதல் பாஸ்கிட்ட தம்பி இதுவரைக்கும் இருபத்தாறு தடவை செத்திருக்கான். சுவத்துல கோடு போட்டு எண்ணிட்டு இருக்கோம்.